பக்கெட் மாமியின் குழாய்ப் பரீட்சை

திருவனந்தபுரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் இடி மின்னலுக்குப் பயப்பட மாட்டார்கள். இன்டர்நெட்டில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறவர்களுக்கும் பயப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு நடுங்குவார்கள். அந்த பக்கெட் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் திரும்பியதும், மூன்று லாட்ஜ் மேனேஜர்கள் ஒரே நேரத்தில் மோட்டார் சுவிட்சை நோக்கி ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். பக்கெட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்தான் பக்கெட் மாமி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. வலியசாலை அக்கிரகாரத்தில் தனியாக இருந்தார். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி, பரீட்சை, இன்டர்வியூ என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ரூம் பிடித்துக் கொடுப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த உத்தியோகம். கமிஷன் கிடையாது. ஒரு காபி வாங்கிக் கொடுக்கிறேன் என்றால்கூட, “எங்காத்துல பால் இருக்கு” என்று நடையைக் கட்டிவிடுவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ரூமைக் காலி செய்கிற அன்று, அடுத்து வருகிறவர்களுக்காக பாத்ரூம் பக்கெட்டை நிறைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

அவர் ரூம் பார்க்கிற விதமே தனி. கட்டிலைப் பார்க்க மாட்டார், ஃபேனைப் பார்க்க மாட்டார், டி.வி. இருக்கிறதா என்று கேட்க மாட்டார். நேராக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பச்சை பக்கெட்டைக் குழாய்க்கு அடியில் வைத்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கணீரென்று ஒரு ஸ்லோகம் சொல்வார். முடிந்ததும் வெளியே வந்து, அங்கே நிற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்பார்.

“என்ன கேட்டுது?”

பதிலைப் பொறுத்து ரூம் பாஸ் அல்லது ஃபெயில். எதற்கு பாஸ், எதற்கு ஃபெயில் என்பது ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. ஸ்லோகம் முடிவதற்குள் பக்கெட் நிறைய வேண்டும், அதுதான் கணக்கு என்று மேனேஜர்கள் நம்பினார்கள். அதனால்தான் அந்த மோட்டார் ஓட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, மற்ற விஷயங்களிலும் மாமி படுகெட்டி. நாகர்கோவிலிலிருந்து பரீட்சை எழுத வந்த ஒரு பெண்ணுக்கு மாமி முதலில் பிடித்த ரூமுக்குப் பின்னால் கல்யாண மண்டபம் இருந்ததாம். செண்டை மேளக்காரர்கள் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், மாமி அந்தப் பெண்ணைப் புத்தகங்களோடு ஆட்டோவில் ஏற்றி வேறு லாட்ஜுக்குக் கொண்டுபோய்விட்டார். இன்னொரு முறை காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவருக்கு ரூம் பார்த்தபோது, “நாற்காலியில வெச்சுத் தூக்கிண்டு போயிடலாம் மாமி” என்று மேனேஜர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். “அப்படியா? நீ உக்காரு” என்று அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, ரூம் பாய் இருவரைத் தூக்கச் சொல்லி இரண்டாவது மாடிவரை ஒத்திகை பார்த்திருக்கிறார். திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. மேனேஜர் அந்தரத்தில் இருந்தபடியே, “மாமி, கிரவுண்ட் ஃப்ளோர் தராம்” என்று அலறினாராம்.

இந்த மாமியிடம் நாங்கள் போய்ச் சேர்ந்த கதைக்கு வருகிறேன்.

எனக்குத் தென்காசியில் போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸிலிருந்து கல்யாண ஆல்பம்வரை எடுப்பேன். என் மனைவி கனகத்துக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷனும் ஊசிகளும் திருநெல்வேலியில் முடிந்தன. அடுத்து முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அட்மிஷன் கிடையாது. தினமும் போய்ப் பத்து நிமிஷம் படுத்துவிட்டு வர வேண்டும். சனி, ஞாயிறு போக ஆறு வாரம் அங்கேயே தங்கியாக வேண்டும்.

நான் போனில் படம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் புக் செய்திருந்தேன். படத்தில் அந்த ரூமில் நடனமே ஆடலாம். நேரில் போனால், கனகம் கட்டிலில் உட்கார்ந்தால்தான் நான் கதவைத் திறக்க முடிந்தது. ஒரு வைட் லென்ஸ் இருந்தால் தீப்பெட்டியைக்கூடத் திருமண மண்டபமாகக் காட்டலாம். இருபது வருஷமாக நானே காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனே ஒரு படத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் வாடகை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கனகம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தலையில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“சாயங்கால பஸ்ல ஊருக்குப் போயிருவோம். வெட்டி எடுத்தாச்சுல்லா? கரண்டு வைக்காட்டா என்ன ஆயிரப் போவுது?”

என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு ரூம் கிடைக்காவிட்டால் இவளைப் பஸ்ஸில் ஏறாமல் தடுக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் ஓர் ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரூமாணோ? பக்கெட் மாமி இருக்கும்போ எந்தினா பேடி? கேறிக்கோ” என்று மலையாளத்தில் பயம் தெளிவித்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

வலியசாலையில் மாமி வாசல் கேட்டிலேயே எங்களை நிறுத்தி இன்டர்வியூ வைத்தார். கேள்வி எல்லாம் கனகத்துக்குத்தான். நான் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

“மாடி ஏறுவியோ?”

“ஒரு மாடி ஏறுவேன்.”

“குறட்டை உண்டோ?”

“அவுகளுக்கு உண்டு.”

“அப்போ தெருவைப் பார்த்த ரூமாக்கும் நல்லது. பஸ் சப்தத்துல குறட்டை அடிபட்டுப் போகும். ஆஸ்பத்திரிப் பக்கமே வேண்டாம், கேட்டியா? அங்க சாயா குடிக்கப் போனாக்கூட வியாதிக் கதைதான். பஸ்ல போய்ட்டு வந்தா மதி, அது போதும். சரி, உங்காத்துல நீ மட்டும் தனியா இருக்கற இடம் எது?”

கனகம் யோசித்தாள். “அடுப்பங்கரை.”

“லாட்ஜ்ல அடுப்பங்கரை கிடையாதே” என்று மாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் லாட்ஜ். உள்ளே குழாய் சொட்டியது, மாமி ஸ்லோகம் சொன்னார். வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

“என்ன கேட்டுது?”

“நீங்க ஸ்லோகம் சொன்னது தெளிவா கேட்டுது மாமி. குரல் அருமையா இருக்கு” என்றேன். ஐஸ் வைத்தால் வாடகை குறையும் என்று ஒரு நப்பாசை.

“வேண்டாம். அடுத்தது போலாம்.”

இரண்டாவது லாட்ஜ் புத்தம் புதுசு. குழாய் வெள்ளி மாதிரி மின்னியது. மேனேஜர் பெருமையோடு கூடவே வந்தார். இரண்டே நிமிஷத்தில் மாமி நிறைந்த பக்கெட்டோடு வெளியே வந்தார், பாதி ஸ்லோகம்கூடத் தாண்டவில்லை. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

“என்ன கேட்டுது?”

“ஸ்லோகம்தான் மாமி. தண்ணி விழுற சத்தமே கேக்கல!”

“வேண்டாம்.”

மேனேஜருக்கு அழுகை வராத குறை. “மாமி, இது சைலன்ட் பைப்பாணு! விலை கூடிய சாதனம்!”

“சப்தம் போடாத குழாய் ஆருக்கு வேணும்?” என்று சொல்லிவிட்டு மாமி படியிறங்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. மணி நாலு. பஸ் ஐந்தரைக்கு. நல்ல ரூம், நல்ல தண்ணீர், வாடகையும் படிகிற மாதிரி இருந்தது. இந்த அம்மாளுக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்றே முடிவு செய்தேன். கனகத்திடம் மெல்லச் சொல்லவும் செய்தேன். அவளோ மாமியின் பின்னால் நடந்தாள்.

மூன்றாவது லாட்ஜ் பழசு. சுவரில் ஈரம், கட்டிலில் ஒரு கால் குட்டை. மேனேஜர் சசி, மாமியைக் கண்டதும் எழுந்து நின்றார். இந்த முறை மாமி கனகத்தையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். குழாயைத் திறந்ததும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். பித்தளைக் குழாய், பழைய டீசல் பஸ் மேடேறுகிற மாதிரி உறுமியது. சுவரே அதிர்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் இருவரும் வெளியே வந்தார்கள். கனகம் முகம் கழுவியிருந்தாள்.

“என்ன கேட்டுது?”

“இந்த இரைச்சல்ல என்னத்த மாமி கேக்கும்? தண்ணிச் சத்தம் மட்டுந்தான்.”

மாமி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “இது மதி. சசி, இவாளுக்கு ஆறு வாரம். சல்லிசா ஒரு வாடகை சொல்லு பாக்கலாம்.”

சசி ஒரு தொகையைச் சொன்னார். மாமி பக்கெட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். சசி அதில் பாதியைச் சொன்னார். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அப்படி எங்களுக்கு ஒரு வளை கிடைத்தது. ஐந்தரை பஸ் கனகத்தை ஏற்றாமலே போனது.

அந்த ஆறு வாரத்தில் கனகத்திடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் பாத்ரூமுக்குள் போனால் குழாய் இருபது நிமிஷம் உறுமும். அவள் உடம்பில் மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியக் கூடாது என்பதால் குளியலுக்கே பாதித் தடை. அப்புறம் உள்ளே என்ன வேலை? கேட்டால் துணி அலசுகிறேன் என்பாள். இரண்டு ரவிக்கைக்கு இருபது நிமிஷமா? நான் கதவைத் தட்டுவேன். “என்ன ஏ, குத்தாலத்துலயா குளிக்க? கோடு அழிஞ்சிரப் போவுது!” உள்ளிருந்து, “இந்தா வந்துட்டேன்” என்று குரல் வரும். வெளியே வரும்போது சிரித்த முகமாகத்தான் வருவாள்.

எனக்கும் அதுதான் வேண்டும். அவள் கண் கலங்கினால் எனக்குச் சோறு இறங்காது. கட்டி என்று தெரிந்த நாளிலேயே, “நீ அழக் கூடாது, கேட்டியா? நீ அழுதா நான் உடைஞ்சு போவேன்” என்று சட்டம் போட்டிருந்தேன். ஸ்டூடியோவில் எல்லாரிடமும் ‘அசையாதீங்க, சிரிங்க’ என்று சொல்லிப் பழகியவன். வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறேன்.

நாலாவது வாரம் சசி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். “ஸாரே, ஒரு சின்ன பிரச்னம். ஆற்றுகால் பொங்காலை வருது. இந்த ரூமை விதுர ஊர்க்காரர் நாலு ஸ்திரீகள் போன வருஷமே புக் பண்ணிட்டாங்க. மூணு நாள் ஒழிஞ்சு தரணும்.”

பொங்காலை என்றால் திருவனந்தபுரத்தில் தெருவெல்லாம் அடுப்பு. எங்கெங்கோ இருந்து பெண்கள் பானையும் அரிசியுமாக வந்து மூன்று செங்கல்லை வைத்துப் பொங்கலிடுவார்கள். ஊரில் ஒரு ரூம் மிஞ்சாது. இது உள்ளூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், தென்காசி போட்டோக்காரனுக்குத் தெரியவில்லை. சிகிச்சையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கனகமோ, “நான் அப்பமே சொன்னம்லா, ஊருக்குப் போவோம்னு” என்று பெட்டியை இழுத்துவிட்டாள். ஊருக்குப் போனால் இவள் திரும்பி வர மாட்டாள். நான் வலியசாலைக்கு ஓடினேன்.

மாமி உடனே பக்கெட்டை எடுத்தார். விதுர பஸ் வருகிற நேரத்துக்குத் தம்பானூரில் போய் நின்றார். நாலு பேர் என்று புக் செய்திருந்தவர்கள் வழக்கம்போலப் பதினொரு பேராக இறங்கினார்கள்.

“நீங்க அத்தனை பேரும் எங்காத்துக்கு வாங்கோ. அந்த ரூம்ல சுகமில்லாத ஒரு பெண்குட்டி இருக்கா” என்றார் மாமி.

“எத்தற வாடகை?” என்று அவர்களில் மூத்தவர் கேட்டார்.

“வாடகைன்னு பறைஞ்சா இந்த பக்கெட்டாலேயே அடிப்பேன்.”

பதினொரு பானைகளையும் முப்பத்து மூன்று செங்கல்லையும் இரண்டு ஆட்டோவில் ஏற்றி, நானும் கூடவே போய் இறக்கினேன். அப்போதுதான் மாமியின் வீட்டுக்குள் முதல் தடவை நுழைந்தேன். இரண்டே அறை. பின்கட்டில் பாத்ரூம். கை கழுவலாம் என்று குழாயைத் திறந்தால், கழுத்தில் துணி சுற்றிய அந்தக் குழாய் சொட்டுச் சொட்டென்று விட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஊர்க் குழாய்க்கெல்லாம் பரீட்சை வைக்கிறீங்க. உங்க வீட்டுக் குழாய் ஃபெயிலுல்லா மாமி?”

மாமி செங்கல்லை அடுக்கிக்கொண்டே சொன்னார். “எனக்கெதுக்கு? நான் தனியாவாக்கும் இருக்கேன். கதவுக்கு வெளியில ஆர் நிக்கறா?”

குழாய்க்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கழன்ற கேஸ் என்ற என் பழைய முடிவை உறுதி செய்துகொண்டு, லாட்ஜுக்குத் திரும்பினேன். பதினொரு பெண்களும் மூன்று நாள் மாமி வீட்டிலேயே இருந்தார்கள். கனகத்துக்கு ஒரு நாள்கூடச் சிகிச்சை தவறவில்லை.

முப்பதாவது நாளும் முடிந்தது. ரூமைக் காலி செய்கிற அன்று, மாமியின் நிபந்தனைப்படி பக்கெட்டை நிறைக்க நான் உள்ளே போனேன். குழாய் உறுமியது. கனகம் கதவோரம் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. குழாயை மூடினேன்.

“என்ன சொன்ன?”

“ஒண்ணும் கேக்கலல்லா? அதான் இந்தக் குழாய்” என்றாள். “மொத நாளு என்னைய உள்ள கூட்டிட்டுப் போயி மாமி சொன்னாவ. அவுக வீட்டுக்காரருக்கு வைத்தியம் பாக்க எங்கயோ வெளியூருல ஒரு லாட்ஜ்ல ரெண்டு மாசம் கெடந்தாவளாம். சொட்டுச் சொட்டா விடுற குழாயாம். எங்க அழுதாலும் அவருக்குக் கேட்டுரும்னு அந்த ரெண்டு மாசமும் அழாமலே இருந்தாவளாம். அவர் போன பொறவு அழ நெனச்சா, வர மாட்டேங்குதுன்னு சொன்னாவ. ‘நீ இங்க தெனமும் அழுதுடு கொழந்தே, உங்காத்துக்காரருக்கு ஒண்ணும் கேக்காது’ன்னு சொல்லி, குழாயைத் தொறந்துவிட்டாவ.”

நான் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் இருபது நிமிஷம். ஒவ்வொரு நாளும் நான் தட்டியிருக்கிறேன். முகம் பார்ப்பதே தொழிலாக இருக்கிறவன், கழுவிய முகத்துக்கும் அழுத முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன். “இனிமே என் முன்னாலயே அழு ஏ” என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அன்றைக்கு எனக்குச் சோறும் இறங்கியது.

மூன்று மாதம் கழித்து செக்கப்புக்குப் போனோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நல்லபடியாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சாலை பஜாருக்குப் போய், “நல்லா சத்தம் போடுற குழாயா ஒண்ணு குடுங்க” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய பித்தளைக் குழாயை எடுத்துக் கொடுத்தார். பிளம்பரையும் பிடித்துக்கொண்டு வலியசாலைக்குப் போனோம். வாஷர் மாற்றினால் சத்தமே இருக்காது என்று பிளம்பர் நல்லெண்ணத்தோடு சொன்னார். சத்தம் நின்றால் காசு கிடையாது என்று நான் சொன்னேன். அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாமியை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

குழாயை மாட்டித் திறந்துவிட்டோம். வீடு அதிர்ந்தது. மாமிக்குக் கோபம். “எனக்கெதுக்கு இது? நான் தனியாவாக்கும்…”

கனகம் பச்சை பக்கெட்டை எடுத்து மாமியின் கையில் கொடுத்தாள். அவள் தலையில் முடி அப்போதுதான் அரை விரல் வளர்ந்திருந்தது.

“நாங்க ரெண்டு பேரும் கதவுக்கு வெளியில நிக்கோம் மாமி. நீங்க போங்க.”

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் உறுமத் தொடங்கியது. ஸ்லோகம் சொன்னாரா என்று தெரியாது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பக்கெட் எப்போதோ நிறைந்திருக்கும். நாங்கள் கதவைத் தட்டவில்லை.